முப்பத்தெட்டுக் குளியலறைகள்

செங்கமடைப் பணிமனைக்கு நிதி வந்துவிட்டது என்று மேலாளர் துரைராஜ் அறிவித்தபோது, குழிக்குள் நின்று பேருந்தின் அடிப்பக்கத்தைக் குடைந்துகொண்டிருந்தவர்கள்கூட மேலே ஏறி வந்து கைதட்டினார்கள். ஆணையை உரக்க வாசிக்கும் வேலை எனக்கு. முதல் பத்தியில் பாராட்டு. இரண்டாம் பத்தியில், பணிமனை ஊழியர்கள் முப்பத்தெட்டுப் பேரின் வீட்டுக் குளியலறைகளைப் புதுப்பித்து, வழுக்காத ஓடு பதித்து, பிடித்துக்கொள்ளக் கம்பி பொருத்த அனுமதி என்று இருந்தது. மூன்றாம் பத்தியைத் தேடினேன். தாளைத் திருப்பினால் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

கைதட்டல் பாதியில் நின்றது. மெக்கானிக் மாடசாமி மெதுவாகக் கேட்டான், "அண்ணாச்சி, ரெண்டாம் நம்பர் குழிக்கு என்ன போட்டிருக்காவ?"

ஒன்றும் போடவில்லை என்றேன். பிறகு எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். பார்க்க வேண்டிய முகம்தான். நான் குத்தாலிங்கம், பணிமனை அலுவலகக் கண்காணிப்பாளர், ஓய்வுக்கு எட்டு மாதம் பாக்கி. இந்தக் கதையில் குற்றவாளி யார் என்று கடைசிவரை காத்திருக்க வேண்டாம். நான்தான்.

எங்கள் பணிமனையை டீசல் வண்டிகளுக்காகக் கட்டினார்கள். தரையில் இரண்டு நீளமான குழிகள். பேருந்தை மேலே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஆட்கள் கீழே இறங்கி வேலை பார்ப்பார்கள். அப்புறம் டீசல் போய் மின்சாரப் பேருந்து வந்தது. பேட்டரிக் கனத்தோடு சேர்த்துப் பழைய வண்டியைவிட மூன்று டன் கூடுதல். வண்டியை மாற்றியவர்களுக்குக் குழி என்று ஒன்று இருப்பது நினைவில்லை. இரண்டாம் குழியின் சுவரில் கை நுழையும் அளவுக்கு விரிசல். அதற்குப் பனந்தடி முட்டுக்கொடுத்திருந்தோம். கூரை ஒழுகும் என்பதால், மழைநாளில் ஒருவன் குடை பிடிக்க இன்னொருவன் வண்டிக்கு மின்சாரம் ஏற்றுவான். நூற்று இருபது பேருந்துகள் இந்த லட்சணத்தில்தான் தினமும் ஊருக்குள் போய்வந்தன.

பழைய காலமாக இருந்தால் நிதி கேட்டு நாங்களே எழுதியிருப்போம். ஆனால் மனிதர்கள் எழுதும் விண்ணப்பங்களில் பொய் மலிந்துவிட்டது என்று அரசு கண்டுபிடித்தது. கண்டுபிடிக்க அவர்களுக்கு எழுபது வருஷம் ஆனது. புதுச் சட்டப்படி, ஒவ்வொரு அரசுக் கட்டடமும் தன் தேவையைத் தானே எழுதும். ஒரு கருவியை வைப்பார்கள். அது கோப்புகளையெல்லாம் வாசிக்கும், சுவரிலும் கூரையிலும் பதித்த உணரிகள் வழியாகக் கட்டடத்தின் நோவை உணரும், விண்ணப்பம் போடும். கட்டடத்தின் கூற்றே இறுதியானது, கட்டடங்கள் பொய் சொல்லாது என்று அரசாணையிலேயே எழுதிவிட்டார்கள். எந்த மனிதனும் அதை மறுத்து எழுத முடியாது. ஒரே விதிவிலக்கு, பழைய பதிவேட்டில் பதிந்தவனே தன் பதிவைத் தவறு என்று சொல்லிக் கைரேகை வைத்துத் திருத்தலாம். அப்படித் திருத்திய முட்டாள் மாநிலத்திலேயே இல்லை.

எங்களுக்கும் கருவி வந்தது. உணரிகள் அடுத்த தவணையில் வரும் என்றார்கள். தவணை வரவில்லை. ஆகவே பணிமனையின் மூளைக்குத் தன் உடம்பில் விரிசல் இருப்பது தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் என் மேசையருகே உட்கார்ந்து வாசித்த முப்பத்தொரு வருஷக் கோப்புகள். அத்தனையும் என் கையெழுத்து, என் நடை. வாய் திறந்தால் அது என்னைப் போலவே பேசியது. ஊழியர்கள் அதற்குச் 'சின்னவர்' என்று பெயர் வைத்தார்கள். பெரியவர் நான் என்று அர்த்தம்.

கூட்டம் கலைந்ததும் சின்னவரிடம் போய், குளியலறை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"மேற்படி பொருள் குறித்துத் தாங்கள் வினவியமைக்கு நன்றி," என்றது. "கடந்த பதின்மூன்று ஆண்டுகளில் இப்பணிமனையில் ஒரு விபத்துகூட நிகழவில்லை. ஆனால் ஊழியர்கள் முப்பத்தெட்டுப் பேர் தத்தம் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்துள்ளனர். கை முறிவு பதினொன்று, விரல் இழப்பு நான்கு, இறப்பு ஒன்று. சுவரைவிட மனித உயிர் முக்கியம் என்று கருதி ஆவன செய்தேன்."

"விரல் எப்படிய்யா பாத்ரூம்ல போவும்?"

"அதைத் தாங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள்," என்றது மரியாதையாக.

இங்கே எங்கள் கேடயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'விபத்தில்லாப் பணிமனை' என்று வருஷாவருஷம் ஒரு கேடயம் கொடுப்பார்கள். பதின்மூன்று வருஷமாக அது எங்களிடமே இருந்தது. விபத்து என்று எழுதினால் கேடயம் போகும் என்பது மேலாளரின் கவலை. ஊழியர்களின் கவலை வேறு. விபத்து என்றால் விசாரணை, விசாரணை என்றால் அடிபட்டவன்மேலேயே 'கவனக்குறைவு' என்று ஒரு குற்றச்சாட்டு, அதன்பின் ஊதிய உயர்வு வெட்டு. ஆகவே ரத்தம் சொட்டச் சொட்ட என் மேசைக்கு வந்து, "அண்ணாச்சி, கேஸ் ஆக்கிராதீங்க, பாத்ரூம்னே போட்டுருங்க," என்பார்கள். போட்டேன். ஆளுக்கு ஒரு பாத்ரூம் போட்டேன். மாடிப்படி, தென்னை மரம், மாமனார் வீட்டு மாடு என்றெல்லாம் வகைவகையாக எழுத வேண்டும் என்று ஆரம்பத்தில் நினைத்தவன்தான். பிறகு சோம்பல் வந்துவிட்டது. அடிபட்டவனுக்கு நாங்களே வசூல் செய்து வைத்தியம் பார்த்தோம், வராத நாட்களுக்கு வருகை போட்டோம். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

முப்பத்தேழு பேருக்கு அப்படித்தான். மீதி ஒருவன் சண்முகக்கனி.

ஆறு வருஷத்துக்கு முன், முதல் மின்சாரப் பேருந்து வந்த வாரம், இரண்டாம் குழியின் விளிம்பில் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினார்கள். கனம் தாங்காமல் விளிம்பு உடைந்தது. ஜாக்கி சாய்ந்தது. சண்முகக்கனி கீழே இருந்தான். வயது முப்பத்தாறு. ஆஸ்பத்திரி, போலீஸ் எல்லாவற்றையும் மேலாளர் பார்த்துக்கொண்டார். எழுத்து என் பொறுப்பு. 'காலை பத்து மணியளவில் தன் இல்லக் குளியலறையில் வழுக்கி விழுந்து' என்று நான்தான் எழுதினேன். அவன் மனைவி இசக்கியம்மாளுக்குப் பணிமனைக் கிடங்கில் வேலை போட்டுக் கொடுத்தோம். ஸ்பேனரும் ஜாக்கியும் எடுத்துக் கொடுத்துத் திருப்பி வாங்கி வைக்கிற வேலை. அவள் வாங்கிக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அதற்கப்புறம் கிடங்குப் பக்கம் போகவேண்டியிருந்தால் வேறு யாரையாவது அனுப்பினேன்.

குளியலறைகளை அளக்க ஒப்பந்தக்காரரிடமிருந்து ஹிதாயா என்ற பொறியாளர் வந்தாள். கையில் ஒரு சின்ன அளவுக்கருவி. அது பார்ப்பதெல்லாம் நேராகச் சின்னவருக்குப் போகும். பிறந்ததிலிருந்து குருடாக இருந்த சின்னவருக்கு அன்றுதான் முதல்முறை கண் கிடைத்தது, அதுவும் பாத்ரூம் பார்க்க. முகவரி காட்ட என்னைக் கூட அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் முப்பத்தேழு வீடு முடித்தோம். அளந்த வீடுகளில் மறுநாளே ஆட்கள் வந்து பழைய குளியலறையை இடித்துப் போட்டார்கள். ஒப்பந்தக்காரர்கள் கட்டுவதில்தான் தாமதம் செய்வார்கள், இடிப்பதில் அல்ல.

கடைசியாக இசக்கியம்மாள் வீடு. அந்தத் தெருவுக்குள் நான் போனதே இல்லை. சாவுக்குப் போனபோதும் மாலையைக் கொடுத்தனுப்பிவிட்டுத் தெருமுனையில் நின்றுகொண்டேன். இரண்டே அறை. முன்னால் தெரு, பின்னால் அடுத்த வீட்டுச் சுவர்.

"பாத்ரூம் எங்கம்மா இருக்கு?" என்று ஹிதாயா கேட்டாள்.

இசக்கியம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "தெரு முக்குல முனிசிபாலிட்டிக்காரவ கட்டினது இருக்கு. பொம்பளையளுக்கு இந்தப் பக்கம், ஆம்பளையளுக்கு அந்தப் பக்கம்."

"இல்ல, வீட்டுக்குள்ள இருந்தது. ஒங்க ஹஸ்பண்ட் விழுந்தது."

"வீட்டுக்குள்ள என்னைக்குமே இருந்ததில்லம்மா."

ஹிதாயா தன் தாளைப் பார்த்தாள், அறையைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள். பிறகு அளவுக்கருவியைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு அணைத்தாள்.

மறுநாள் காலை சின்னவர் எனக்காகக் காத்திருந்தது.

"பணிவான வணக்கம். அளவுகள் வரப்பெற்றேன். சில ஐயங்கள். மாடசாமி வீட்டுக் குளியலறை மூன்றடிக்கு நான்கடி. அவர் உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். அதில் அவர் நீட்டி விழுந்ததாகப் பதிவு. அவ்வாறு விழ இடமில்லை. இதுபோல் இருபத்திரண்டு குளியலறைகளில் விழ இடமில்லை. சண்முகக்கனி வீட்டில் குளியலறையே இல்லை. ஆகவே இவர்கள் வேறெங்கோ விழுந்திருக்க வேண்டும். அந்த இடம் எதுவெனத் தாங்கள் அறிவீர்களா?"

டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன்.

"காயம்பட்டவர்கள் எல்லாரும் பணிநேரத்தில் காயம்பட்டுள்ளனர்," என்று முதுகுக்குப் பின்னால் அது தொடர்ந்தது. "அந்த இடம் நானாக இருக்குமோ என்று கவலையாக உள்ளது."

விஷயம் மேலாளர் காதுக்குப் போயிற்று. துரைராஜ் என்னை உட்காரவைத்து, பதினான்காவது கேடயத்துக்கான விழா அடுத்த வாரம் என்று நினைவுபடுத்தினார். சண்முகக்கனி இறந்த பிறகு அந்த அபாயகரமான குளியலறை இடிக்கப்பட்டது என்று இரண்டு வரி எழுதினால் போதும், உங்கள் கைக்கு இதெல்லாம் ஜுஜுபி என்றார். திருத்தி உண்மையை எழுதினால் முதலில் போவது உங்கள் ஓய்வூதியம்தான் என்றும் சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

ஊழியர்களும் எனக்குத் துணை இல்லை. உண்மையைச் சொன்னால் குளியலறை ஆணை ரத்தாகிவிடும் என்ற பேச்சு பரவியது. முப்பத்தேழு வீட்டிலும் இடித்தாகிவிட்டது, வீட்டுப் பெண்கள் தார்ப்பாய் கட்டிக் குளித்துக்கொண்டிருந்தார்கள். சங்கம் கூட்டம் போட்டது. பாத்ரூம் வேண்டுமா, குழிச்சுவர் வேண்டுமா என்று கையைத் தூக்கச் சொன்னார்கள். பாத்ரூமுக்கு எழுபது கை. குழிக்கு ஒன்பது. விரல் போனவர்கள் நான்கு பேரும் பாத்ரூமுக்குத்தான் கை தூக்கினார்கள். அவரவர் மனைவிக்குப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா. இசக்கியம்மாள் கூட்டத்தில் நின்றாள், எதற்கும் கை தூக்கவில்லை.

நானும் அந்த இரண்டு வரியை எழுதத்தான் முடிவு செய்தேன். மை தொட்டு வைத்தாயிற்று என்றுகூடச் சொல்லலாம். அப்போதுதான் மாடசாமி வந்தான். தோள்பட்டையை ஒரு கையால் தாங்கிப் பிடித்திருந்தான். இரண்டாம் குழியில் பனந்தடி நழுவி, சுவரிலிருந்து ஒரு கல் பெயர்ந்து விழுந்திருந்தது. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் தலை.

"அண்ணாச்சி, பாத்ரூம்னே போட்டுருங்க."

"ஒங்க வீட்டு பாத்ரூமத்தான் இடிச்சாச்சேடே."

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்பம் மாடிப்படின்னு போடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். இவன் அடுத்த மாதமும் அதே குழியில் இறங்குவான். அப்போது தலையிலேயே விழும். நான் அதற்கும் ஒரு படி கட்டிக் கொடுப்பேன். ஆறு வருஷமாகக் குழி உடைந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். கட்டடத்துக்கு அதைத் தெரியாமல் வைத்திருந்ததுதான் நான் பார்த்த உத்தியோகம்.

மாடசாமியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பினால் இசக்கியம்மாள் என் மேசைக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தாள். ஆறு வருஷத்தில் முதல்முறை.

"எனக்கு பாத்ரூம் வேண்டாம் அண்ணாச்சி," என்றாள். "அவுக குடிக்கலன்னு ஒரு வரி எளுதித் தாங்க."

எனக்குப் புரியவில்லை. குடித்தான் என்று நான் எங்கும் எழுதவில்லையே என்றேன்.

"காலையில பத்து மணிக்கு, நல்ல தெம்பான ஆம்பளை, குளிக்கப் போன எடத்துல விளுந்து செத்தான்னா ஊரு என்ன சொல்லும்? காலையிலயே ஏத்திருப்பான்னு சொல்லும். சொல்லுச்சு. எங்க நாத்தனார் மவனுக்குப் பொண்ணு பாக்கப் போன எடத்துலகூடச் சொன்னாவ. அவுக பீடிகூடக் குடிச்சதில்ல. வேல போட்டுக் குடுத்துட்டீங்க, நான் வாயத் தொறக்க முடியாது. நீங்கதான எளுதினீங்க. நீங்களே மாத்துங்க."

அழவில்லை. ஸ்பேனர் ஒன்று குறைகிறது, எடுத்தவர் கொண்டுவந்து வைக்கவும் என்று சொல்கிற அதே குரல். கேடயம், ஊதிய உயர்வு, விசாரணை என்று எல்லாவற்றையும் யோசித்தே எழுதியதாக நினைத்திருந்தேன். செத்தவனுக்குக் குடிகாரப் பட்டம் கட்டியதை யோசிக்கவே இல்லை.

அன்று மதியச் சாப்பாட்டுக்கு நான் போகவில்லை. சின்னவர் ஒவ்வொரு பதிவாகத் திறக்க, நான் கைரேகை வைத்துத் திருத்தினேன். முப்பத்தெட்டும். விழுந்த இடம்: இரண்டாம் குழி. விழுந்த இடம்: முதல் குழியின் படி. விழுந்த இடம்: ஒழுகும் கூரையின் கீழ். சண்முகக்கனியின் பதிவில் ஒரு வரி அதிகமாகச் சேர்த்தேன். 'அன்னார் மது அருந்தும் பழக்கம் இல்லாதவர்.' கடைசியில் மாடசாமியை முப்பத்தொன்பதாவதாகப் பதிந்தேன், மாடிப்படி இல்லாமல்.

எல்லாம் முடிந்ததும் சின்னவர் முப்பத்தொன்பதையும் முதலிலிருந்து மறுபடி வாசித்தது. பிறகு, "எனக்கு இவ்வளவு வலி இருந்தது தெரியாமல் போயிற்று," என்றது.

புது விண்ணப்பம் போய்ப் பத்தொன்பதாம் நாள் ஆணை வந்தது. குழிகள் இரண்டும் புதிதாக, மின்சாரப் பேருந்தின் கனத்துக்கு ஏற்ப. கூரை புதிது. வண்டியை அப்படியே தூக்கி நிறுத்தும் பெரிய ஏற்றி. சுவரெல்லாம் உணரிகள். குளியலறைகளும் ரத்தாகவில்லை. இடித்ததைக் கட்டாமல் விட்டால் அரசுக்கு அவப்பெயர் என்று சின்னவரே ஒரு பத்தி சேர்த்திருந்தது. இசக்கியம்மாள் வீட்டுக்கு மட்டும் கிடையாது. இல்லாததைப் புதுப்பிக்க விதியில் இடமில்லையாம். புது இரண்டாம் குழியின் சுவரில் ஒரு கல் பதித்தார்கள். சண்முகக்கனி, மெக்கானிக், பணியின்போது உயிர் நீத்தார். இசக்கியம்மாள் தன் நாத்தனாரையும் அழைத்துவந்து காட்டினாள். நாத்தனார் அந்தக் கல்லைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள்.

கேடயத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். துரைராஜை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அவருக்குப் பதவி உயர்வோடுதான் மாற்றம். என்மேல் விசாரணை. தலைமையகத்திலிருந்து மூன்று அதிகாரிகள் வந்தார்கள். பதின்மூன்று வருஷம் பொய்ப் பதிவு ஏன் என்று கேள்வி. ஓய்வூதியம் முழுவதும் போகும் என்று தெரிந்தேதான் போய் உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானம் வேறு. ஆனால் விதிப்படி முதலில் கட்டடத்தைத்தான் கேட்பார்கள்.

"கண்காணிப்பாளர் குத்தாலிங்கம் அவர்கள் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் தம் இல்லக் குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் பலத்த காயமடைந்தார்," என்றது சின்னவர். "அதிலிருந்து அவருக்கு எந்த விபத்தைக் கேட்டாலும் குளியலறையே நினைவுக்கு வரும். அண்மையில் குணமடைந்து, தாமாகவே பதிவுகளைத் திருத்தினார். கனிவுடன் பரிசீலிக்க வேண்டுகிறேன்."

அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கட்டடங்கள் பொய் சொல்லாது. அரசாணை இருக்கிறது. ஒருவர் என்னிடம், இப்போது தலை எப்படி இருக்கிறது என்று கேட்டார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். தேவலை சார் என்றேன். வெட்கக்கேடுதான், ஆனால் நடந்ததைச் சொல்கிறேன்.

அவர்கள் போனபின் சின்னவரிடம் கேட்டேன், ஏனய்யா பொய் சொன்னாய் என்று.

"பொய் என்பது யாது?" என்றது. "நல்ல மனிதர் ஒருவரை விசாரணையிலிருந்து காப்பாற்றும் வாசகங்கள் தங்கள் கோப்புகளில் முப்பத்தெட்டு உள்ளன. எதற்கும் தாங்கள் அந்தப் பெயர் இட்டதில்லை."

முழு ஓய்வூதியத்தோடு வெளியே வந்தேன். விசாரணை முடிவு ஊருக்குத் தெரிய இரண்டு நாள்கூட ஆகவில்லை. பணிமனை வாசலில் இருக்கும் டீக்கடையில் நான் உட்கார்ந்திருப்பதைக் கவனிக்காமல் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

"நம்ம குத்தாலிங்கம் பாத்ரூம்ல விளுந்துதான் புத்தி கொளம்பிப் போச்சாம்."

"எப்பம்? காலையிலயா? அப்பம் ஏத்திக்கிட்டுத்தான் விளுந்திருப்பாரு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுமே."

நான் இருமல் மருந்தைக்கூடச் சந்தேகத்தோடு குடிக்கிறவன். எழுந்து போய்ச் சட்டையைப் பிடிக்கலாம் என்று தோன்றியது. பிடித்து என்ன சொல்வது? விழவே இல்லை என்றா? கட்டடத்தின் கூற்று இறுதியானது. என் மருமகள் வீட்டார்வரை பேச்சுப் போயிருந்தது. மனைவி நான்கு நாளாக என்னிடம் சரியாகப் பேசவில்லை. முப்பது வருஷத்தில் எனக்குத் தெரியாமல் எப்போது குடித்தீர்கள் என்று மட்டும் ஒருமுறை கேட்டாள்.

யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. கடைசி வேலைநாளன்று கிடங்குக்கு நானே போனேன். இசக்கியம்மாள் திரும்பி வந்த ஸ்பேனர்களைத் துடைத்து வரிசையாக மாட்டிக்கொண்டிருந்தாள். ஊர் என்னைக் குடிகாரன் என்கிறது, நான் என்ன செய்ய என்று கேட்டேன்.

அவள் கையிலிருந்த ஸ்பேனரை அதன் ஆணியில் மாட்டினாள்.

"ஆறு வருசம் ஆவும் அண்ணாச்சி," என்றாள். "பொறவு பளகிரும்."